புகையை எண்ணும் ஊர்

லுகீஷ்தாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் நாங்கள் தலைகளை எண்ணிச் சொல்வதில்லை, புகைகளை எண்ணித்தான் சொல்வோம். அல்பேனிய மலைகளில் வீட்டுக்கு ஒரு அடுப்பு, அடுப்புக்கு ஒரு புகை, அந்தப் புகைக்குக் கீழே எத்தனை வாய் இருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரனுக்கும் கடவுளுக்கும் இடையிலான சங்கதி, அதில் மற்றவர்கள் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை. சுல்தானின் ஆட்கள் குதிரையேறி வரி வாங்க வந்த காலத்தில் புகைக்கு இவ்வளவு என்றுதான் வாங்கினார்கள், அதனால் எங்கள் முன்னோர்கள் மூன்று சகோதரர்களின் வீடுகளுக்குச் சேர்த்து ஒரே புகைபோக்கி வைத்துக் கட்டி, அரசாங்கத்தை ஏமாற்றிய திருப்தியில் இருமி இருமிக் கண் சிவந்து வாழ்ந்து செத்தார்கள். அந்த இருமல் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. சுல்தானுக்குப் பிறகு ஒரு ராஜா, ராஜாவுக்குப் பிறகு இத்தாலியர்கள், அவர்களுக்குப் பின்னால் ஜெர்மானியர்கள், எல்லோருக்கும் கடைசியாகக் கம்யூனிஸ்ட் கட்சி. கட்சி எங்கள் மாதா கோவிலைத் தானியக் கிடங்காக்கியது, ஆடுகளையெல்லாம் பொதுவாக்கியது, கடைசிவரை வராத ஒரு எதிரிக்காக மலைச்சரிவெங்கும் கான்கிரீட் பதுங்கு குழிகளைக் கவிழ்த்த சட்டிகள் மாதிரி வைத்துவிட்டுப் போனது, ஆனால் அடுப்பை மட்டும் அதுவும் தொடவில்லை.

தொட முடியாது. ஏனென்றால் இந்த ஊரே ஒரு சட்டி நெருப்பிலிருந்து வந்தது. பழிக்குப் பழி வாங்க வந்தவர்களிடமிருந்து தப்பி, கணவாயைத் தாண்டி, பனியில் முழங்கால் புதைய நடந்து வந்த ஒருவன் தன் மனைவியையும், சாம்பலுக்கடியில் கங்கு உறங்கும் ஒரு மண்சட்டியையும் தவிர வேறெதையும் கொண்டுவரவில்லை, அந்தக் கங்கை வைத்து அவன் மூட்டிய அடுப்பு இன்றைக்கு த்ரானே என்ற விதவையின் வீட்டில் இருக்கிறது, பின்னால் வந்த ஒவ்வொரு வீடும் அதிலிருந்தோ அதன் பிள்ளையடுப்பிலிருந்தோ ஒரு கங்கு வாங்கித்தான் குடியேறியது. படைகள் வந்து ஊரை எரித்த போதெல்லாம் யாரோ ஒருத்தி அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குகைக்கு ஓடியிருக்கிறாள்; ஊர் முழுக்க எரிந்துகொண்டிருக்கும்போது நெருப்பைக் காப்பாற்ற ஓடிய பெண்கள் என்று எங்களை அடுத்த பள்ளத்தாக்குக்காரர்கள் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். ராத்திரி படுக்கும்முன் கங்குகளைச் சாம்பலால் மூடுவதும் காலையில் திறந்து ஊதுவதும் வீட்டு மருமகளின் வேலை. "உன் புகைபோக்கி அணைந்து போகட்டும்" என்பதுதான் எங்கள் மொழியில் ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்கக்கூடிய ஆகக் கொடிய சாபம், அதைச் சொன்னதற்காக இந்த ஊரில் துப்பாக்கி வெடித்திருக்கிறது.

பிறகு எல்லைகள் திறந்தன. இவ்வளவு காலம் பூட்டி வைத்த கதவு ஒரே நாளில் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது, இளைஞர்கள் துறைமுகத்துக்கு ஓடி, கிடைத்த கப்பலில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கடலுக்கு அக்கரை போனார்கள், அவர்கள் பின்னால் அவர்களுடைய மனைவிகள், அவர்கள் பின்னால் பிள்ளைகள், கடைசியில் கட்டிலோடு கிடந்த அப்பாக்கள்கூட. அந்த இலையுதிர்காலத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளின் அடுப்புகள் அணைந்தன, மலைமேல் நின்று பார்த்தபோது ஊர் பல்லுப் போன வாயாகத் தெரிந்தது, நாங்கள் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தோம்.

முதல் பனி விழுந்த அன்று சாயங்காலம், சாப்பாட்டு வேளையில், பூட்டிய வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்து புகை வந்தது.

கதவைத் திறந்து பார்த்தோம். அடுப்புக் குழி சில்லென்றிருந்தது, சிலந்தி அதில் வலை கட்டியிருந்தது, ஆனால் மேலே புகை போய்க்கொண்டிருந்தது. யாரும் மண்டியிடவில்லை, யாரும் ஓடவில்லை. கிடங்காக இருந்து மறுபடியும் கோவிலாகியிருந்த கோவிலின் பாதிரியார் இதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, புகைபோக்கிகளை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது என்று மட்டும் ஆலோசனை சொன்னார். அது எங்களுக்கு நியாயமாகப் பட்டது, ஏணி எடுத்துச் சுத்தம் செய்தோம்.

புகையில் வாசனை இருந்தது. அதை முதலில் பிடித்தவள் மாரா, ஊர் மருத்துவச்சி, பிள்ளை பெற ஆளில்லாமல் போனதால் வேலையிழந்து மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். போனவர்கள் எங்கே எதைச் சாப்பிடுகிறார்களோ அது இங்கே அவர்கள் வீட்டுப் புகையில் மணக்கிறது என்று அவள் சொன்னாள், ஒரு வாரத்துக்குள் ஊரே அதில் கெட்டிக்காரத்தனம் காட்டத் தொடங்கிவிட்டது. ஒரு புகைபோக்கியில் வாரம் முழுக்க டப்பா மீன், இன்னொன்றில் எங்களுக்குப் பெயர் தெரியாத பாலாடைக்கட்டி, மற்றொன்றில் காய்ந்த ரொட்டி தவிர வேறொன்றுமில்லை என்பதால் அந்தப் பையனுக்கு வேலை போய்விட்டது என்று அவன் யாரிடமும் சொல்வதற்கு முன் எங்களுக்குத் தெரிந்தது. தம்பி வீட்டுக் கூரையைப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடு என்று தெருவில் நின்று கத்தும் அண்ணன்கள் இருந்தார்கள். கோடையில் கார் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் பூட்டில் சாவியைப் போட்டதும் அந்தப் புகை மரியாதையாக நின்றுவிடும்.

ஒரு வசந்தத்தில் ஒரு வீட்டின் புகை திரும்பி வரவேயில்லை. அந்த வீட்டுக்காரன் அக்கரையில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான் என்று தொலைபேசியில் செய்தி வந்தது பிறகுதான். அதற்கப்புறம் நாங்கள் தொலைபேசிக்குக் காத்திருப்பதில்லை. ஒரு வீட்டின் கடைசி ஆளும் போய்ப் புகை நின்றால் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் கூடி, ஆண்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் அறைந்து ஓலமிட்டு, பக்கத்து வீட்டில் சர்க்கரை போடாத துக்கக் காப்பியைக் குடித்துவிட்டுக் கலைவோம். உடலில்லாத சாவுக்கு அழுவது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

நகரத்திலிருந்து ஒரு அதிகாரி எங்களை எண்ண வந்தார், ஆட்கள் குறைந்த ஊர்களுக்குப் பேருந்தை நிறுத்தப்போவதாகப் பேச்சு. சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தவர் கூரைக்குக் கூரை புகையைப் பார்த்து, கதவுக்குக் கதவு தட்டிப் பார்த்து, பூட்டிய வீடொன்றின் முன்னால் வறுத்த கணவாய் மீன் வாசனையில் கொஞ்ச நேரம் நின்றிருந்து, பிறகு எங்களோடு உட்கார்ந்து திராட்சைச் சாராயம் குடித்தார். அவர் பேனாவை எடுத்த மாதிரி தெரியவில்லை. பேருந்து இன்னும் வருகிறது.

இப்படி எல்லா வீட்டுச் சங்கதியும் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஊரில், ஒரே ஒரு வீட்டுச் சங்கதி மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அது த்ரானேயின் வீடு.

த்ரானேயின் ஒரே மகன் ஆர்பென் கல்யாணமான அந்தக் குளிர்காலமே கப்பலேறினான், வேலை கிடைத்ததும் ஆள் அனுப்புகிறேன் என்று மனைவி திலாவிடம் சொல்லிவிட்டுப் போனவனிடமிருந்து ஒரு கடிதம், ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் வழியாக ஒரு வார்த்தை, எதுவும் வரவில்லை. அந்தக் கப்பலில் போன சிலர் கடலில் விழுந்தார்கள் என்றும் கேள்வி. பூட்டிய வீடாக இருந்தால் புகையே சொல்லியிருக்கும், ஆனால் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் குடியிருந்தார்கள், திலா காலையில் கங்கைத் திறந்து ஊதினாள், பீன்ஸ் சூப் வைத்தாள், சோள ரொட்டி சுட்டாள், அவள் அடுப்பின் நிஜப் புகைக்குள் அவன் புகை இருக்கிறதா இல்லையா என்று மாராவின் மூக்கால்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, அந்த அடுப்பை அணைக்க வேண்டும். ஊரின் முதல் அடுப்பை.

அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் வருஷங்கள் போயின. திலாவின் காதோரம் முதல் நரை விழுந்தது. மலையின் சட்டப்படி அவள் நிலைமை எளிமையானது: புருஷன் செத்திருந்தால் அவளுக்கு விடுதலை, உயிரோடிருந்தால் அவள் அந்த வீட்டு மருமகள், தெரியாவிட்டால் சாம்பலை மூடித் திறந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அப்போதுதான் பாலோக் கேட்டு அனுப்பினான். பாலோக் தேனீ வளர்ப்பவன், மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவன், பேச்சில் கஞ்சன்; அவன் மாராவைத் தூதனுப்பி, திலாவிடம் அல்ல, முறைப்படி த்ரானேயிடம் கேட்டான். த்ரானே மாராவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். என் மகன் செத்துவிட்டான் என்று உனக்கு யார் சொன்னது என்று மட்டும் கேட்டாள். யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்லவைக்க வழி இருக்கிறது என்று சொல்லி மாரா புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தாள். த்ரானே காப்பிக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

விஷயம் பரவியதும் ஆண்கள் கோவில் வாசலில் கூடினார்கள். ஒரு பெண்ணின் மறுகல்யாணத்துக்காக ஊரின் தாயடுப்பை அணைப்பதா என்று ஒரு கட்சி, நம் எல்லோர் வீட்டிலும் எரிவது அதே நெருப்புதானே, ஒன்று அணைந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று இன்னொரு கட்சி. சுல்தானையும் ஜெர்மானியர்களையும் தாண்டி வந்த நெருப்பு ஒரு தேன்காரனிடம் தோற்பதா என்று ஒருவர் கேட்டபோது சிலர் சிரித்தார்கள், பாலோக் எழுந்து வீட்டுக்குப் போனான். முடிவு, அணைக்கக் கூடாது. இந்த மாதிரி முடிவெடுப்பதில் நாங்கள் வேகமானவர்கள், ஏனென்றால் எங்களில் யாரும் அந்த அடுப்பை ஒரு காலையிலும் ஊதியதில்லை.

அன்று மத்தியானம் திலா, வருஷக்கணக்காக அந்த வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்வதைத் தவிர வேறு பேசாதவள், விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். மாரா முற்றத்தில் இருந்தாள், அதனால்தான் எங்களுக்குத் தெரியும்.

"அம்மா, நான் கல்யாணம் கேக்கல. இந்த அடுப்புக்கு யாருக்காக விறகு வைக்கறேன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

த்ரானே இறக்கி வைத்த விறகைப் பார்த்தாள். அவள் கடினமான பெண், கணவனைப் புதைத்த நாளில்கூட முற்றத்தைப் பெருக்கியவள். பிறகு, "இது எரியற வரைக்கும் அவன் சாகல. உனக்குப் புரியுதா? அணைச்ச அன்னிக்குத்தான் அவன் சாவான்" என்றாள். அவள் பயந்திருந்தாள், இத்தனை வருஷமும் நெருப்புக்குக் காவல் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தது வெறும் பயம் என்று மாராவுக்கு அப்போது தெரிந்தது, பாவமாகவும் இருந்தது.  திலா குனிந்து விறகை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். அந்தக் கைகள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த த்ரானே கொஞ்சம் கழித்து, விறகு போதும், இனி வைக்காதே என்றாள். "நான்தான் அணைப்பேன். நீ கை வைக்காத."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து த்ரானே கறுப்புத் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தாள். தண்ணீர் ஊற்றவில்லை, அது நெருப்பை அவமதிப்பது. இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாக விலக்கி, ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகாதபடி தள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சாம்பலைத் தூவி, குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி அணைத்தாள். அதற்குப் பகல் முழுக்க ஆயிற்று. கூடாது என்று முடிவெடுத்த ஆண்களும், வந்தவர்கள் வந்தபடி, முற்றத்தில் நின்றார்கள், யாரும் தடுக்கவில்லை. பாலோக் வேலிக்கு வெளியே நின்றான். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்போது அந்தப் புகைபோக்கியின் கடைசிப் புகை நூலாக மெலிந்து அறுந்தது, கூரைக்கு மேலே வெறும் வானம் இருந்தது, எங்களில் பலருக்கு அப்படி ஒரு வானத்தை அங்கே பார்த்த பழக்கமில்லாததால் கண்ணை விலக்கிக்கொண்டோம்.

சாப்பாட்டு வேளை வந்தது. பூட்டிய வீடுகள் வழக்கம்போலப் புகைய ஆரம்பித்தன, தெருவெங்கும் வெங்காயமும் மீனும் அந்நிய எண்ணெய்களும் மணத்தன. த்ரானேயின் புகைபோக்கி அப்படியே நின்றது. காத்திருந்தோம். மற்ற வீடுகள் சாப்பிட்டு முடித்துப் புகை ஓய்ந்தன. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள், பிறகு எல்லோரும் கழற்றினோம், ஓலத்தைத் தொடங்க வேண்டியவர் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துக் கையை ஓங்கினார். மாரா த்ரானேயின் தோளைப் பிடித்தாள். திலா சுவரில் சாய்ந்து மேலே பார்த்தபடி இருந்தாள், அவள் முகத்தில் துக்கமா நிம்மதியா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும்.

ஓங்கிய கை இறங்குவதற்குள் புகை வந்தது.

வேலை முடிந்து தாமதமாக வீட்டுக்கு வருகிறவனின் புகை. முதலில் தயங்கி, பிறகு தாராளமாக. சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள், ஒருவர் த்ரானேயின் கையைப் பிடித்து முத்தமிட்டார், அவள் இருந்த இடத்தில் மண்ணில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் எல்லோர் முன்னாலும் சத்தமாக அழுதாள். பிறகு காற்று திரும்பிப் புகை முற்றத்துக்குள் இறங்கியது.

வறுத்த மிளகாய் மணத்தது. அதற்கடியில் இன்னொன்று, பொங்கி வழிந்து அடுப்பில் கருகிய பால். அந்த வாசனைக்கு மாராவின் மூக்கு தேவையில்லை; குழந்தை ஒரு அறையில் அழ, தாய் பாலை மறந்து ஓடும் வீட்டில்தான் அப்படிக் கருகும், எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு காலத்தில் கருகியிருக்கிறது.  திலா புகையை நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

"உசுரோட இருக்காரு" என்றாள். பிறகு தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். அவன் கடலில் விழவில்லை என்பதற்கு அவள் சந்தோஷப்பட்டாள், அது உண்மை. தான் ஊதிய ஒவ்வொரு காலையும் அவன் வேறொரு வீட்டில் கண்விழித்திருக்கிறான் என்பதும் அந்த ஒரே மூச்சில் அவளுக்குள் போயிற்று, அதுவும் உண்மை.

ஆண்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார். எந்த வீட்டில் என்ன கருகினாலும் சட்டம் சட்டம்தான், புருஷன் உயிரோடிருந்தால் மருமகள் மருமகள்தான், ஆகவே பாலோக் வேறிடம் பார்க்கட்டும் என்று அவர் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். வேலிக்கு வெளியே பாலோக் திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

த்ரானே எழுந்தாள். பாவாடையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"நில்லு பாலோக். சட்டம் எனக்கும் தெரியும். அடுப்பு அணைஞ்ச வீட்டுக்கு மருமக கிடையாது. உள்ள போய்த் தொட்டுப் பாருங்க, எங்க அடுப்பு சில்லுனு கெடக்கு." அவள் திலாவின் கையைப் பிடித்தாள். "ஆனா அடுப்பு இல்லாத வீட்டுலயும் மக இருக்கலாம். இவ என் மக. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போ."

மூத்தவர் உள்ளே போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், வேறு வழியில்லை. வெளியே வந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

திலாவை முறைப்படி அனுப்பினோம், துப்பாக்கியை வானத்தில் சுட்டு, பாட்டுப் பாடி, மகளை அனுப்புகிற வீட்டில் என்னவெல்லாம் செய்வார்களோ அத்தனையும். அதற்குப் பிறகு த்ரானே தனியாக இருந்தாள், அடுப்பை மூட்டவில்லை. கங்கு கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பச்சை வெங்காயமும் தின்றுகொண்டு, சாயங்காலமானால் முற்றத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கம்பளிகளைப் போர்த்தி உட்கார்ந்து, மகனுடைய புகையின் கீழே இருப்பாள். இன்றைக்கு மீன், இன்றைக்கு அவித்த காரட், குழந்தைக்குப் பல் வருகிறது போல, இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இவனே சமைத்திருக்கிறான், தீய்த்துவிட்டான் என்று போகிறவர்களிடம் சொல்வாள். நாங்களும் நின்று கேட்போம். பனி இறங்கியது, அவள் விரல்கள் நீலமாகின, இருமல் மார்புக்குள் போயிற்று. உள்ளே நெருப்பு மூட்டச் சொன்னால், மூட்டினால் இது மறைந்துவிடுமே என்பாள். அவள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று மாரா எங்களிடம் மட்டும் சொன்னாள்.

கல்யாணமான பெண் முதல்முறை தாய்வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரக்கூடாது, இனிப்பு ரொட்டி கொண்டுவருவது வழக்கம். திலா பனி பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் வந்தாள், பாலோக் வாசலோடு நின்றுகொண்டான், அவள் கையில் ரொட்டி இல்லை, மூடியிட்ட மண்சட்டி ஒன்று இருந்தது, மூடியின் விளிம்பில் விழுந்த பனி விழுந்தவுடன் உருகியது. பாலோக்கின் வீட்டு அடுப்பும் அந்தக் காலத்தில் இந்த வீட்டிலிருந்து கங்கு வாங்கிப் போனதுதான்.

அவள் நேரே உள்ளே போய்ச் சாம்பலைத் தள்ளிக் குழியைச் சுத்தம் செய்து, சுள்ளிகளை அடுக்கினாள். பிறகு சட்டியோடு குந்தியபடி திரும்பினாள்.

"அம்மா, வைக்கட்டுமா?"

த்ரானே முற்றத்தில் நாற்காலியில் இருந்தாள். மேலே மகனுடைய புகை அப்போதுதான் தொடங்கியிருந்தது. இதற்குமேல் அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, அவன் இருப்பதும் தெரியாது, போவதும் தெரியாது. அவள் தலையை நிமிர்த்தி, கண்களை மூடி, ஒருவருக்காகச் சாப்பாட்டு மேசையில் காத்திருப்பவள் மாதிரி, புகை முழுதும் ஓய்கிறவரை அப்படியே இருந்தாள், பனி அவள் தலைத்துணியில் விழுந்துகொண்டிருந்தது, திலா அவசரப்படுத்தவில்லை. கடைசி மணமும் காற்றில் கரைந்த பிறகு த்ரானே எழுந்து, நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"வை" என்றாள். "அவன் சாப்ட்டுட்டான்."